பதினோராம் வளைவின் உப்பு

குரு என்றால் நரைத்த தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பியிருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கதைக்கு மட்டும் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும். இதில் குருவுக்கு நாற்பத்தொரு வயது. பெயர் மயிலாத்தாள். சீடருக்கு ஐம்பத்தாறு. பெயர் வெள்ளிங்கிரி. மலைப் பேருந்து ஓட்டுகிறவர்.

மயிலாத்தாள் அடிவாரத்துச் சோதனைச்சாவடிக்குப் பின்னால் ஒரு சிமெண்டு ஷீட் வீட்டில் இருந்தார். இளவயதில் ரோடு போடும் கூட்டத்தில் தார்ச்சட்டி சுமந்தவர். அந்த மலைச்சாலையின் தாரில் பாதி அவர் தலைவழியாக ஏறியதுதான். அவரை யார் குருவாக்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்ல மாட்டார். அதுவே நாலு பேருக்குப் போதுமானதாக இருந்தது போலும். வருகிறவர்கள் அவரைத் தாயி என்பார்கள். அவர் வெள்ளிங்கிரியை அண்ணா என்பார்.

வெள்ளிங்கிரி திங்கட்கிழமைதோறும் வருகிறவர். அன்று புதன்கிழமை. உச்சி வெயிலில் காக்கிச் சட்டையோடு வந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் தரையில் உட்கார்ந்தார்.

“பஸ்ஸு எங்கீங்கண்ணா?” என்றார் மயிலாத்தாள்.

“டிப்போவுல நிக்குதுங்க தாயி. அஞ்சு நாளாச்சு. நான் எடுக்கிலீங்க.”

“மேல ஊருக்கு?”

“நடக்கறாங்க.”

மேல ஊர் என்பது பெரும்பாறைக்காடு. பத்தொன்பது கிலோமீட்டர், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. அந்த ஊருக்கு அந்த ஒரு பேருந்துதான். மலையில் ஓட்டப் பழகிய இன்னொரு டிரைவர் கால் முறிந்து வீட்டில் கிடந்தார். ஆகவே ஐந்து நாளாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், காய்ச்சல்காரர்களும், கூடை சுமப்பவர்களும் நடந்துதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிங்கிரிக்கு அது தெரியும். தெரிந்தும் வண்டியில் ஏற முடியவில்லை.

“என்ன ஆச்சுங்கண்ணா?”

“வெள்ளிக்கெழம சாயங்கால ட்ரிப்புங்க. பதினோராம் வளைவு. ஒரு பெட்டைக் கடமான். ஹாரன் அடிச்சனுங்க. ஓடும்னு பாத்தா நின்னுருச்சு. பிரேக் போட்டும் அடிச்சுருச்சுங்க, அங்கயே செத்துப்போச்சு. கூட ஒரு குட்டி இருந்துச்சுங்க. எறங்கிப் போயி வெரட்டினேன். போகல. என்னையவே பாத்துட்டு நின்னுச்சு. ஸ்டீயரிங்கப் புடிச்சா அதும் மூஞ்சிதான் தெரியுது.”

மயிலாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“இந்த வருசத்துல அது ஏழாவதுங்க தாயி. எல்லாமே நான் அடிச்சதில்ல. லாரி, ஜீப்பு, டூரிஸ்ட்டு காரு. ஆனா எல்லாமே அதே வளைவு. கீழ்நாட்டு ரூட்டுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தரலாம்னு இருக்கறேன். அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்.”

“கேளுங்க.”

“அந்த வளைவுல முனியப்பன வெச்சதே நான்தான். இருவத்திரண்டு வருசமா உப்புப் போடறேன். எங்களையெல்லாம் காப்பாத்தற சாமி, அதுங்கள மட்டும் ஏனுங்க காப்பாத்த மாட்டேங்குது?”

இந்த முனியப்பன் கதையைச் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் வெள்ளிங்கிரியின் பேருந்து அந்த வளைவில் வழுக்கி, முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் தொங்கி நின்றது. உள்ளே நாற்பத்துமூன்று பேர். ஒருவருக்கும் கீறல் இல்லை. மறுநாளே அவர் ஒரு கல்லை நட்டு, வேல் ஒன்றைச் செருகி, முன்னால் ஒரு கை கல்லுப்பைக் கொட்டி, “உப்பாட்டம் ஆபத்தெல்லாம் கரஞ்சு போகோணும் சாமி” என்று கும்பிட்டார். அடுத்த நாள் ஒரு லாரிக்காரர் கொட்டினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. அந்த மலையில் ஏறும் எந்த வண்டியும் பதினோராம் வளைவில் நிற்கும், உப்பை வண்டியைச் சுற்றி வீசும், தேங்காய் விடலை போடும், போகும். ஒவ்வொரு மிருகம் அடிபட்டபோதும் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டினார்கள். இதையெல்லாம் தொடங்கிவைத்தவர் என்பதில் வெள்ளிங்கிரிக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. மனிதன்தானே.

மயிலாத்தாள் எழுந்து அடுக்களைக்குள் போனார். இரண்டு கிலோ கல்லுப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

“இன்னிக்கு உப்புப் போட்டீங்களா?”

“இல்லீங்க. அந்தப் பக்கமே போகலீங்களே.”

“வாங்க, போட்டுட்டு வரலாம்.”

அடிவாரத்தில் ஒரு காய்கறி வண்டி கிடைத்தது. பதினோராம் வளைவில் இருவரும் இறங்கினார்கள். முனியப்பன் முன்னால் தேங்காய்ச் சில்லுகள், வாழைப்பழத்தோல், அதற்கெல்லாம் மேலே உப்பு. பழைய உப்பு மழையில் கரைந்து ரோட்டின் மீதே வழிந்திருந்தது. தார் அங்கங்கே வெளிறிக் கிடந்தது. வெள்ளிங்கிரி அந்த ரத்தக்கறை இருந்த பக்கம் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்தார். உப்பைக் கொட்டினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு பழக்கதோஷத்தில் திரும்பி நடந்தார்.

“எங்கீங்கண்ணா கெளம்பிட்டீங்க?”

“போட்டாச்சுங்களே தாயி.”

“போட்டாச்சு. சாப்புட வேண்டாமா?”

“யாருங்க?”

“யாருக்குப் போட்டீங்களோ அவரு.”

வெள்ளிங்கிரி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

“உங்கூட்டுக்கு விருந்தாளியக் கூப்புட்டு எலையப் போட்டுட்டு, நீங்க பாட்டுக்குச் சட்டைய மாட்டிட்டு வெளிய போயிருவீங்களா?”

“அதெப்புடிங்க? அவிய கை கழுவற வரைக்கும் கூட இருக்கோணுமில்ல.”

“இருங்க அப்ப.”

வளைவுக்கு மேலே ஒரு பாறை இருந்தது. புதர் பிடித்து ஏறி இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கல்லும் வேலும் ரோடும் நன்றாகத் தெரிந்தன. இருபத்தெட்டு வருடம் அந்த வளைவைத் திரும்பியவர், அதை மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்ன இடமா என்று அவருக்குத் தோன்றியது.

வண்டிகள் வந்தன. ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கவே இல்லை, ஜன்னல் வழியாக உப்பை வீசிவிட்டு, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பறந்தார். ஒரு கார் வந்தது. குடும்பமே இறங்கிக் கும்பிட்டது. அவர்களும் ஏறியதும் பறந்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களும் அப்படியே. வரும்போது மெதுவாக வந்தவர்கள்கூடக் கும்பிட்ட பிறகு வேகமாகத்தான் போனார்கள்.

“எல்லாரும் ஏனுங்க இந்த விரட்டு விரட்டறாங்க?” என்றார் வெள்ளிங்கிரி.

மயிலாத்தாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அப்படித்தான். முனியப்பனைக் கும்பிட்டதும் கால் தானாக அழுத்தும். இனி பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதே.

ஐந்தரைக்கு மேல் வண்டிகள் ஓய்ந்தன. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் குரங்குகள் வந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கின. அவை அவர் தினமும் பார்க்கிறவைதான், வெள்ளிங்கிரி அலட்டிக்கொள்ளவில்லை.

பிறகு குரங்குகள் சட்டென்று விலகின.

காட்டெருமை ஒன்று புதரை விலக்கிக்கொண்டு ரோட்டில் கால் வைத்தது. அவர் பேருந்தின் பானெட் உயரம் இருந்தது அதன் தோள். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. கால்கள் மட்டும் முழங்கால்வரை வெள்ளை. நிதானமாக முனியப்பன் முன் வந்து, தலையைத் தாழ்த்தி, நாக்கை நீட்டி உப்பை நக்கியது. அந்தச் சத்தம் பாறைவரை கேட்டது.

வெள்ளிங்கிரிக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

அதன் பின்னால் இன்னொன்று, அதன் வயிற்றை ஒட்டி ஒரு கன்று. எதிர்ச்சரிவிலிருந்து கடமான்கள். முன்னால் கொம்பு கிளைத்த கிடா, பிறகு பெட்டைகள். ஒன்றை ஒன்று முட்டவில்லை, முந்தவில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்த மாதிரி நின்று நக்கின. கல்லின் முன்னால் கிடைத்தது தீர்ந்ததும் ரோட்டுக்கு வந்தன. வெளிறிக் கிடந்த தாரையே நக்கின. வளைவின் நட்டநடுவில், வெள்ளைக்கோட்டின் இரண்டு பக்கமும், ஒரு கோயில் முற்றத்தில் நிற்பது போல நின்றன.

ஒரு டிரைவருக்கு மிருகம் என்பது அரை நொடி. வெளிச்சத்தில் இரண்டு கண், ஒரு முதுகு, அவ்வளவுதான். அதற்குள் தப்பித்தால் தப்பித்தது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ அரை நொடிகளைப் பார்த்தவர், முதன்முறையாக ஒரு மானின் மூச்சுக்குப் பனி விலகுவதைப் பார்த்தார். அதன் காது தனியாகத் திரும்புவதைப் பார்த்தார். கழுத்துப் பிடரியில் ஒரு பழைய தழும்பு ஆறிக் கிடப்பதைப் பார்த்தார். இத்தனை பெரிய உயிர்கள் இத்தனை வருடமாகத் தன் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன என்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. பயமா பக்தியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“தாயி” என்றார், குரல் எழும்பாமல். “உப்பு நான் போட்டதுதானுங்களே.”

மயிலாத்தாள் சரிவைக் கைகாட்டினார்.

கடைசியாக அந்தக் குட்டி வந்தது. தனியாக வந்தது. பெட்டைகளின் பின்னால் ஒதுங்கி நின்று, வெள்ளிக்கிழமை கறை இருந்த இடத்தை முகர்ந்துவிட்டு, தாரை நக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் மேலே பத்தாம் கிலோமீட்டர் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு வருகிறான் என்பது அந்தச் சத்தத்திலேயே வெள்ளிங்கிரிக்குத் தெரிந்துவிட்டது. இந்த வளைவில் நியூட்ரலில் வந்தால் பிரேக் பிடிக்க இடம் போதாது.

மூட்டுவலிக்காரர். மாடிப்படி ஏறவே முனகுகிறவர். அந்தப் பாறையிலிருந்து அவர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. முள் கிழித்தது, ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. வளைவுக்கு மேலே ரோட்டின் நடுவில் போய்க் கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றார்.

தக்காளி ஏற்றிய பிக்கப் வண்டி கீச்சென்று கத்திக்கொண்டு அவருக்கு நாலடி முன்னால் நின்றது.

“ஏனுங்ணா, சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?” என்று தலையை நீட்டினான் குணசீலன். முப்பது வயது இருக்கும். தினமும் இறங்குகிறவன்தான். “அட, நம்ம பஸ்ஸுக்காரண்ணா!”

“என்ஜின அமத்து.”

“நேரமாச்சுங்ணா. உப்ப வீசிட்டுப் போயிட்டே இருக்கறேன்.” டேஷ்போர்டிலிருந்து பொட்டலத்தை எடுத்தான்.

“அமத்துப்பா. எனக்குப் பொறகால பாரு.”

வெள்ளிங்கிரியும் திரும்பினார்.

கிடா ஒரு முன்காலால் தாரை ஓங்கி மிதித்தது. அந்தச் சத்தத்துக்கு எல்லாம் நின்றன. ஒன்றுகூட ஓடவில்லை. நக்கிய நாக்கு பாதியில் நிற்க, தூக்கிய கால் தூக்கியபடியே இருக்க, அத்தனையும் அவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றன. ஆபத்து என்றால் நிற்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த வழி. இருபத்தெட்டு வருடமாக அவர் அடித்த ஹாரனுக்கெல்லாம் அவை சொன்ன பதில் அதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குணசீலன் கையிலிருந்த உப்புப் பொட்டலம் மடியில் விழுந்தது. என்ஜினை அமர்த்தினான்.

“இதெல்லாம்… தெனமும் வருதுங்களாண்ணா?” என்று காற்றுக் குரலில் கேட்டான்.

“தெரியிலப்பா. நான் ஒருநாளும் இருந்து பாத்ததில்ல.”

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று இருவருக்கும் தெரியாது. வண்டி சத்தம் போடவில்லை, ஹாரன் கத்தவில்லை, யாரும் விரட்டவில்லை. கிடா தலையை இறக்கியது. பிறகு ஒவ்வொன்றாக, வந்த மாதிரியே நிதானமாக, சரிவில் ஏறிப் பனிக்குள் போயின. குட்டிதான் கடைசி. போகும்போது ஒருமுறை திரும்பி வெள்ளிங்கிரியைப் பார்த்தது. அவர் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

மயிலாத்தாள் பாறையிலிருந்து இறங்கி வந்தார்.

“நான்தானுங்க தாயி அத்தனையும் கூப்புட்டுக் கொன்னது” என்றார் வெள்ளிங்கிரி. ரோட்டிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். குணசீலன் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மயிலாத்தாள் தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று நின்றார்.

“இந்தக் கல்லப் பேத்து எடுத்துரட்டுங்களா?” என்று கேட்டார் வெள்ளிங்கிரி. கேட்டதுமே பயந்துவிட்டார். “வெச்ச சாமியப் பேத்தா குத்தமாயிருமுங்களே.”

“இருவத்திரண்டு வருசம் இந்த எடத்துலயே நின்னு எல்லாத்தையும் பாத்தவருங்கண்ணா அவரு” என்றார் மயிலாத்தாள். “ஒருநாளாவது அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?”

வெள்ளிங்கிரி முனியப்பனைப் பார்த்தார். வேறு நல்ல இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று பட்டது.

மறுநாள் விடிந்ததும் மூவரும் கடப்பாரையோடு வந்தார்கள். கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, கல்லை அசைத்து எடுத்தார்கள். குணசீலனின் வண்டியில் வைக்கோல் பரப்ப, முனியப்பன் அதன் மேல் உட்கார்ந்து அடிவாரத்துக்கு இறங்கினார். சோதனைச்சாவடியில் எப்படியும் எல்லா வண்டியும் நிற்கும், காட்டு மிருகம் எதுவும் அந்தப் பக்கம் வராது. அங்கே அவரை நட்டு, பக்கத்தில் ஒரு கல்தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவைத்தார் வெள்ளிங்கிரி. உப்புப் போடுகிறவர்கள் இனி தொட்டியில் போடட்டும், கண்முன்னாலேயே கரையட்டும்.

ரோடு கழுவுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மழை வந்து மிச்சத்தைக் கரைக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. டிரம் டிரம்மாகத் தண்ணீர் கொண்டுவந்து, தென்னை விளக்குமாறு போட்டுத் தேய்த்தார்கள். மேல ஊரிலிருந்து நடந்து இறங்கிய சனங்கள், பஸ்ஸுக்காரருக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு கூடவே குந்தித் தேய்த்தார்கள். யார் எவ்வளவு தேய்த்தாலும் மயிலாத்தாள் தேய்த்த இடம்தான் சுத்தமாக இருந்தது. அவருக்கு அந்தத் தாரைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரும்பாறைக்காட்டுப் பேருந்து கிளம்பியது. கீழ்நாட்டு ரூட்டைப் பற்றி வெள்ளிங்கிரி யாரிடமும் பேசவில்லை. மயிலாத்தாள் முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வளைவுவரை டிரைவர் வண்டியை நடை வேகத்திலேயே ஓட்டினார். வண்டியில் எல்லோரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

பதினோராம் வளைவு வந்தது. பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார். கல் இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. உப்புக்காகச் சட்டைப்பையைத் தொட்ட கை வெறுமனே திரும்பியது.

ரோட்டோரத்தில் அந்தக் குட்டி நின்றுகொண்டிருந்தது. கழுவினால் மட்டும் போதுமா? இத்தனை வருடத்து ருசியை அது தாய்வழி கற்றிருக்கிறதே. இன்னும் கொஞ்ச நாள் வரத்தான் செய்யும்.

வெள்ளிங்கிரி என்ஜினை அணைத்தார். பேருந்தில் ஐம்பது பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. ஒரு கைக்குழந்தைகூடக் கண்ணை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

“தாயி” என்றார், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. “முனியப்பனக் கும்புடாம இந்த வளைவுல நான் வண்டிய எடுத்ததே இல்லீங்க. இனி இங்க யாரக் கும்புட்டுட்டு எடுக்கறதுங்க?”

குட்டி ஒரு காலை ரோட்டில் வைத்தது. நின்றது. கண்ணாடி வழியாக டிரைவரை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு மெல்ல, ஒவ்வொரு குளம்பாக எடுத்து வைத்து, அந்தப் பெரிய வண்டியின் நேர் முன்னால் ரோட்டைத் தாண்டத் தொடங்கியது.

அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை மயிலாத்தாள் பேசவில்லை.

“அந்தக் குட்டி யாரக் கும்புட்டுட்டு ரோட்டத் தாண்டுச்சோ, அவரத்தானுங்கண்ணா.”